எர்த்து

இன்றைக்கும் அதேதான்.
நாலு சுற்று, ஓர் இருமல்,
அப்புறம் ஸ்டார்ட்டரின் முனகல் மட்டும்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே
அணைந்துபோன செங்கல் சூளையின் கொட்டகை.
பனைகளை மேற்கே சாய்த்துக்கொண்டு
கணவாய்க் காற்று தை மாசத்து வேகத்தில் இறங்குகிறது.
இன்னும் இறக்கை மாட்டாத விமானம்
காற்று வரும் பக்கம் மூக்கை நீட்டி நிற்கிறது.
சக்கரத்துக்கு அடியில் ஆளுக்கு இரண்டு செங்கல்.

இந்த எஞ்சினுக்குப் பிஸ்டன் கிடையாது.
ஏறுவதில்லை, இறங்குவதில்லை.
இடுப்பு சிறுத்த அறைக்குள்
வயிறு உப்பிய முக்கோணம் ஒன்று உருண்டு வரும்,
ஒரு முகம் குடிக்க, ஒரு முகம் நெருக்க, ஒரு முகம் எரிய.
உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில்
நசுங்கிய ஜப்பான் காருக்குள்ளிருந்து
எடைக்கு வாங்கினோம்.
கறிக்கடையில் நிற்பது மாதிரி இருக்கு என்றாள் சௌமினி.

முதல் வாரம் பெட்ரோலைச் சந்தேகித்தோம்.
மூழ்கிவிட்டது, பிளக்கைக் கழற்று என்றேன்.
நாலு பிளக்கும் மழையில் நனைந்த கோழிக்குஞ்சாட்டம் வந்தன.
பெட்ரோல் எண்ணெயைக் கழுவிவிட்டால்
முனையில் சீல் ஒட்டாது, அழுத்தம் ஓடிவிடும்.
ஓட்டைக்குள் டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு
புரொப்பெல்லரைக் கையால் தள்ளிக்கொண்டே காதைக் கொடுத்தேன்.
புஸ்.
புஸ்.
புஸ்.
மூன்றும் ஒரே நீளம். மூச்சில் குறையில்லை.

இரண்டாம் வாரம் சென்சார்.
இடைவெளியைச் சினிமா டிக்கெட்டை நுழைத்து அளந்தோம்.
மூன்றாம் வாரம்
நாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை.

நேற்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்து
கஞ்சிக்கோட்டிலிருந்து நேராக வந்தாள்,
ஃபேக்டரி பேட்ஜைக் கூடக் கழற்றாமல்,
கையில் மல்ட்டிமீட்டர்.
"நீ அடி. ஞான் பார்க்கறேன்."
அடித்தேன்.
பாட்டரி முனையில் பதினொன்றேகால்.
கம்ப்யூட்டர் காலில் எட்டரை.
எட்டரையில் அது மயங்கிவிடும்,
பொறியை எப்போது விடுவது என்றே மறந்துபோகும்.

மூக்கு கனக்கிறதென்று
பாட்டரியைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளியது நான்.
மூன்று மீட்டர் கேபிள்.
ஆனாலும் இரண்டே முக்கால் வோல்ட்?
சித்தூர்த் தோப்பில் ஏற்றிய கள்ளு
ஷாப்புக்குப் போய்ச் சேருமுன் குறைகிற மாதிரி
வழியில் யாரோ குடிக்கிறார்கள்.

ப்ளஸ் பக்கம் சுத்தம்.
அவள் கறுப்பு முள்ளை நெகட்டிவில் வைத்து
சிவப்பு முள்ளை அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள்.
அடி. ஒன்றுமில்லை.
அடி. ஒன்றுமில்லை.
அடி.
எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவே நிற்கும் தகட்டில்
எர்த்து போல்ட்டைத் தாண்டியதும் எண் குதித்தது.

தகடு நீலம்.
குளத்து மீன்கொத்தி நீலம், மூன்று கோட்டு.
வேலந்தாவளத்தில் பதினெட்டு வருஷமாக
லாரிக்கு மயிலும் கண்ணும் எழுதுகிற கை இது.
வெறும் தகடாக விட மனசு வரவில்லை.
பெயிண்ட் காய்ந்த பிறகு
அதன் மேலேயே வாஷரை வைத்து இறுக்கியிருக்கிறேன்.

சௌமினி ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
டார்ச்சை மட்டும் அங்கேயே பிடித்தாள்.
"இதை ஆரு காணான்?"

உப்புத்தாளை நானே எடுத்தேன்.
ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சுரண்டினேன்.
நீலத் தூள் நகக்கண்ணில் ஏறியது.
அடியில் தகடு,
நான் வாங்கிவந்த அன்றைக்கு இருந்த அதே பளபளப்பில்.

இரண்டாம் சுற்றில் பிடித்துக்கொண்டது.
இடிக்கிற சத்தமில்லை,
ஒரே இழுப்பாகத் துணி கிழிகிற சத்தம்.
பிளாஸ்டிக் நாற்காலி சூளைப் பக்கம் பறந்துபோனது.
செக்போஸ்ட்டில் நின்ற மாட்டு லாரியிலிருந்து
அத்தனை மாடும் கத்தின.
நான் கத்தினேனா, தெரியவில்லை.
அவள் புரொப்பெல்லரைப் பார்க்கவேயில்லை,
மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அணைத்தாள்.
குளிரில் எழுந்தது கணக்கில்லை,
சூட்டில் எழணும், பத்து நிமிஷம் போகட்டும் என்றாள்.

எஞ்சின் டிக் டிக்கென்று ஆறுகிறது.
பனை ஓலை அடித்துக்கொள்கிறது.
ஏழாம் நிமிஷம் அவள் கை சாவிக்குப் போனது.
தட்டிவிட்டேன்.