மூடி போட்ட படங்கள்

துருவ நட்சத்திரம் ஒலுமடுவில்
ஒன்பது பாகைக்கு மேல் எழும்பாது.
அமிர்தரூபன் வளவின் முதிரைக்குப் பின்னால்
எங்கோ நிற்கிறது என்று நம்பித்தான்
முக்காலியை வடக்கே திருப்பி வைக்கிறேன்.
எவ்வளவு பிழை என்பதை
வேறொரு நட்சத்திரம் நகர்ந்து காட்டும்.
கால் சுற்று, அரைச் சுற்று,
திருகாணியோடு ஒரு மணித்தியாலம் போய்விடும்.

கொழும்பில் ஒருவர் பாவித்து விற்ற தொலைநோக்கி.
ஆறு அங்குல ஆடி.
மாங்குளத்தில் பஸ் மாறியபோது
அதற்கும் ஒரு ரிக்கெற் எடுத்தேன்.
"குழாய்க் கிணறு அடிக்கப் போறியளோ?"
என்றார் கொண்டக்டர்.

பகலில் நான் நுண்ணோக்கி பார்ப்பவள்.
சிவப்பணுவுக்குள்
கல் வைத்த மோதிரம்போல் கிடக்கும் மலேரியாவை
எண்ணிப் பழகிய கண்.
இப்போதும் தட்டுகள் வருகின்றன,
மோதிரங்கள் வருவதில்லை.
வருடக்கணக்காக
"இல்லை" என்று எழுதிக் கையொப்பம் வைக்கிறேன்.
சம்பளம் வாங்குவது அதற்குத்தான்.

இரவில் தேடுவது வேறு மோதிரம்.
அதுவும் இந்தப் புரட்டாதியில்
பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது.
வளையம் இல்லை, கோடு;
ஈர்க்கில் குத்திய நெல்லிக்காய்.

சுகிர்தமலருக்கு ஏழரை தொடங்கி ஆறு மாதம்.
மாட்டுக்கொட்டில் பல்பை நிப்பாட்டச் சொல்லி
நான் வேலிக்கு வந்தபோது
"அவர் இப்ப எங்க நிக்கிறார்?" என்றாள்.
கூட்டி வந்து காட்டினேன்.
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு
கனநேரம் பார்த்தாள்.
"இவ்வளவுதானோ?
இவருக்கோ சனிக்கிழமை சனிக்கிழமை எள்ளெண்ணெய் எரிக்கிறன்?"
பல்பை நிப்பாட்டினாள். எண்ணெய் எரிப்பதை நிப்பாட்டவில்லை.

நாலு நிமிடத்தில் ஏழாயிரம் படம்.
குளத்தடியில் கிடக்கும் காசுபோல்
ஒவ்வொன்றிலும் சனி நெளியும்.
காற்று மூச்சுப் பிடிக்கும் கணங்கள் சில உண்டு,
நூற்றுக்குப் பத்துத் தேறும்.
அவற்றை மட்டும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால்
கோட்டின் நிழல் கோளத்தில் விழுந்திருப்பது தெரியும்.
வயல் பக்கம் யானை வெடி போட்டார்கள்.
முக்காலி அதிர்ந்ததோ, நான் அதிர்ந்ததோ,
முந்நூறு படம் கழிவு.

ஒரு மணிக்குப் பிறகு கார்த்திகைக் கூட்டம்.
வெறுங்கண்ணுக்கு ஆறு.
ஒரு நிமிடம் திறந்து வைத்த கமராவுக்கு
நூற்றெழுபத்து மூன்று,
எண்ணிவிட்டேன், பழக்கதோஷம்.
நட்சத்திரங்களைச் சுற்றி
நீலம் போட்டு அலசிய தண்ணீர்போல் ஒரு மங்கல்.
அதற்காகத்தான் இந்தப் பனியும் நுளம்பும்.

அறுபது படம் முடிந்ததும் மூடியைப் போட்டேன்.
மறுபடி அதே நிமிடக் கணக்கு, அதே குளிர்.
சுகிர்தமலர் இன்னும் போகவில்லை.
"மூடியோட என்னத்தைப் பிடிக்கிறாய்?"

ஒன்றும் இல்லாத நேரம் கமரா எதைக் காண்கிறதென்று
பார்க்க வேண்டும், அக்கா.
இருட்டிலும் அதற்குச் சில வெளிச்சங்கள் உண்டு,
சூடேறிய புள்ளிகள்.
எந்தப் படத்திலும் அதே இடத்தில் நிற்கும்.
பார்த்தால் நட்சத்திரம் மாதிரியே இருக்கும்.
தெரிந்து வைத்துக்கொண்டு
கழித்துவிட வேண்டும்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
முற்றத்து மணலில் நின்று
கண்ணை மூடினாள்.
"எனக்குப் பரா வெளிச்சம்
இப்பவும் இறங்குது" என்றாள்.
"மூண்டு. எப்பவும் மூண்டுதான்.
நடுவிலது கொஞ்சம் பிந்தி."

எனக்கு எத்தனை என்று அவள் கேட்கவில்லை.
நான் சொல்லவும் இல்லை.
மடிக்கணினியில் மின்கலம் பதினொரு வீதம்.
ஷட்டர் திறந்து மூடுகிற சத்தம்,
நிமிடத்துக்கு ஒன்று.

"இன்னும் எத்தனை கிடக்கு?"
"பதின்மூண்டு."

பதின்மூன்றும் முடியும்வரை
கண்ணைத் திறக்காமல் நின்றாள்.