கூட்டம்

போர்ட்டோ. மீன்சந்தைக்கு மேலே
பள்ளியின் சாப்பாட்டுக்கூடம்.
குழந்தைகளின் நாற்காலிகளில்
முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தது தெரு.

"ஊசி போட்டுக்கொள்ள அறையா?
அப்புறம் விருந்தும் வைப்பீர்களா?"
ஃபிர்மீனோ கேட்டார்.
கைதட்டல் என்று குறித்துக்கொண்டேன்.

செவிலி எண்களைச் சொன்னாள்.
எண்களுக்கு யாரும் தட்டவில்லை.

பிறகு தெயோலிந்தா எழுந்தாள்.
மத்தி அரிகிற கை,
கத்தி இல்லாமல் எங்கே வைப்பதென்று தெரியாமல்
பையைத் திறந்து திறந்து மூடியது.

"எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?"
ஒன்பது, என்றார்கள்.

"நான் கடைவாசலைக் கூட்டுவது ஐந்துக்கு.
ஊசி, பிழிந்த எலுமிச்சை, கருகின கரண்டி.
போன பிப்ரவரியில் ஓர் ஆள்.
ஆளையும் கூட்டித் தள்ளவா முடியும்?
ஷட்டரைத் தூக்காமல்
வண்டி வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
பெயர் தெரியாது.
ஷூ மட்டும் புத்தம் புதுசு."

யாரோ இருமினார்கள்.

"ஒன்பது ஆகாது.
ஐந்துக்குத் திறங்கள்."

இதை ஆதரவில் எழுதவா, எதிர்ப்பிலா
என்று படிக்கட்டுவரை ஓடிக் கேட்டேன்.
கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்தபடி
மணி என்ன என்றாள்.
விடிந்தால் மீன் வந்துவிடும்.