பத்து லாரி

டீக்கடை என்றுதான் நுழைந்தேன்.

நீலத் தார்ப்பாய்ப் பந்தல், நீள பெஞ்சுகள்,
வாசலில் புகையும் சமோவார்,
உள்ளே தொப்பி கழற்றாத ஆண்கள்
தோளோடு தோள் ஒட்டி.
மர்ஷ்ருத்கா வேன் என்னை உதிர்த்துவிட்டுப் போன
போல்னிசிச் சாலையில், காலைப் பத்தரைக்கு,
வேறென்ன என்று நினைப்பேன்?

காராதாஷ்.
ஜார்ஜிய வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால்
மறைந்துபோகும் ஊர்.
பலகையில் பூசணிக்கொடிச் சுருளாய் ஜார்ஜிய எழுத்து,
வாயில் அஜர்பைஜானி,
மாட்டைத் திட்ட மட்டும் ரஷ்யன்.

கேட்காமலே தேநீர் வந்தது
இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில்.
சர்க்கரைக் கட்டியை உள்ளே போட்டுக் கலக்கினேன்.
எதிரே இருந்தவர்
தன் கட்டியின் ஓரத்தை மட்டும் நனைத்து
பல்லிடுக்கில் கவ்வி
அதன் வழியே தேநீரை உறிஞ்சிக் காட்டினார்,
குழந்தைக்குக் காட்டுவதுபோல, சிரிக்காமல்.

அப்புறம் அல்வா.
நெய்யில் மாவு கறுக்க வறுத்தது,
கரண்டித் தடம் மாறாதது.
மெல்லிய ரொட்டியில் சுருட்டித் தந்தார்கள்.
பிரமாதம் என்று தமிழிலேயே சொல்லி
பெருவிரலை உயர்த்தினேன்.

யாரும் சிரிக்கவில்லை.
யாரும் முகம் சுளிக்கவுமில்லை.

மூலையில் ஒருவர் ஓதத் தொடங்கினார்.
எல்லா உள்ளங்கைகளும் விரிந்தன, என்னுடையவை
கொஞ்சம் பிந்தி.
பக்கத்து வீட்டுக்குள் ஒரு பெண்குரல் எழும்பியது,
அது இறங்கும் இடத்தில்
மற்றப் பெண்கள் கீழிருந்து தாங்கிக்கொண்டார்கள்.
எங்கள் தெருவில் அந்தக் குரல் கேட்டால்
அடுப்பை அணைப்பார்கள்.

அல்வா தொண்டையில் நின்றது.
பெருவிரல் மேசைமேல் கிடந்தது
யாருடையதோ போல.

எல்மத்தின் என்ற பையன் கைபேசியில் தட்டி
தமிழாக்கிக் காட்டினான்:
"என் அப்பா ஷாஹ்மார் இறந்த ஏழு. நீ உண்."

உண்டேன்.
பிறகு எழுந்து, பணம் கொடுக்கப் போனேன்.
தப்பு செய்தவனுக்குச் செய்யத் தெரிந்தது
அது ஒன்றுதானே.

பந்தலின் கோடியில் ஒரு மேசை, ஒரு கோடு போட்ட நோட்டு,
காதில் பேனாவோடு தாப்திக் என்பவர்.
நோட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.
மொய்!
உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும்
ஒருத்தன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பான் போல.

இந்த ஊர்ப் பணத்தின் பெயர் லாரி.
பத்து லாரி நீட்டினேன்.
ஷாஹ்மார் வாழ்நாளெல்லாம் ஓட்டியது ஒரே லாரி,
உருளைக்கிழங்கு ஏற்றுவது.
இதைச் சொல்லிச் சிரிக்க
சுற்றிலும் ஒரு தமிழனும் இல்லை. நல்லது.

பெயர் கேட்டார். வேலாயுதம்.
மூன்று முறை சொல்லவைத்து எழுதினார்.
அப்பா பெயரும் வேண்டுமாம்.
பள்ளிக்கூடத்திலிருந்து பாஸ்போர்ட் வரை
என் முன்னால் ஒற்றை எழுத்தாய்க் குந்தியிருந்தவர்
அங்கேதான் முழுசாய்க் காலை நீட்டினார்:
சங்கிலி ஓக்லு வேலாயுதம்.
சங்கிலியின் மகன்.
ஊர்: நத்தம்.
அந்தப் பக்கத்தில் மற்ற ஊர்களெல்லாம்
மூன்று கிலோமீட்டர், ஏழு கிலோமீட்டர்.

மர்ஷ்ருத்கா இனி நாளைக்குத்தான்.
எல்மத்தின் சாவியை எடுத்தான்.
ஷாஹ்மாரின் லாரி.
ஓட்டுநர் இருக்கையில் ஒரு பூப்போட்ட மெத்தை,
நடுவில் பள்ளம்.
மெத்தையை எடுக்காமல்
பள்ளத்தின் விளிம்பில் குந்தியபடி ஓட்டினான்
பதினெட்டு கிலோமீட்டரும்.
கிளட்ச் எட்டவில்லை, ஒவ்வொரு கியருக்கும்
உடம்பே சரிந்தது.
பின்னால் காலிச் சாக்குகள், கொஞ்சம் மண்.

கூட்டுரோட்டில் இறங்கி
மறுபடியும் பணத்தை எடுத்தேன். திருந்தாத கை.
அவன் தலையாட்டினான், வேண்டாமென்று.
இடது உள்ளங்கையை விரித்து
வலது விரலால் அதில்
எழுதுவதுபோல் ஒரு கோடு இழுத்தான்,
பிறகு விரலை என் பக்கம் நீட்டி
தன் நெஞ்சைத் தொட்டு
தெற்கே எங்கேயோ கைகாட்டினான்.

வருவானாம்.

வண்டி திரும்பிப் போனபிறகுதான் உறைத்தது
எதற்கு வருவான் என்பது.