ஐஸ்கொம்பனியடி

முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறி
ஐஸ்கொம்பனியடி என்றால் இறக்கிவிடுவார்கள்.
இறங்கிப் பார்த்தால்
ஐஸும் இல்லை கொம்பனியும் இல்லை.
வெடித்த சீமெந்துத் தளம்,
அதில் காயும் சூடைக் கருவாடு,
காவலுக்கு
ஒரு கண் தெரியாத நாய்.

கிராமசேவகர் எழுதும் பெயர் வேறு.
கோயில் பதிவில் இருப்பது வேறு.
கலியாணம் பேச வருகிறவர்கள்
"கரைப்பக்கமோ" என்று கேட்டு
தேத்தண்ணியைக் கீழே வைப்பார்கள்.

முதல் வந்தவர்கள் சோளகத்துக்கு மட்டும் வந்தவர்கள்.
கரைவலைக்கு ஆள் சேர்த்த சம்மாட்டி
கிடுகால் வாடி போட்டுக் கொடுத்தான்,
முற்பணமும் கொடுத்தான்,
எத்தனை பாடு வளைத்தாலும் கழியாத முற்பணம்.
வாடைக்கு வீடு திரும்ப வழியில்லாமல்
நின்றுபோனவர்கள்தான் நாங்கள்.

எழுபத்தெட்டில் மெசின் வந்தது.
அதன் இரைச்சலில் பிள்ளைகள் நித்திரை பழகினார்கள்.
கரண்ட் நின்றால் விழித்து அழுவார்கள்.
நான் அங்கே கணக்கெழுதினேன்.
நீலக் கொப்பி: ஆள், வள்ளம், எத்தனை கட்டி.
கஸ்பாரின் பெண்சாதி றெஜீனா
தூசணத்தால் கடன் கேட்பாள்,
கொடுத்தால்
அதைவிடப் பெரிய தூசணத்தால் நன்றி சொல்வாள்.

மண்ணெண்ணெய் வராத வருசங்களில்
எஞ்சினைச் சாக்கால் மூடிவிட்டுத் துடுப்புப் பிடித்தார்கள்.
உள்ளங்கை பிளந்தது.
வலைக்காக அடிபட்டுக்கொண்டார்கள்,
மண்டை உடைந்தவனை
உடைத்தவனே சைக்கிளில் ஏற்றிப்போனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடல் ஏறி வந்து
மெசினைத் தூக்கிப்போய்
நந்திக்கடல் பக்கம் வைத்தது.
அந்தக் காலையைப் பற்றி இவ்வளவுதான் எழுதுவேன்.

அதற்குப் பிறகு நாங்களே
எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நடந்தோம்,
ஒவ்வொன்றாய்க் கீழே வைத்துக்கொண்டு.
கொப்பியை மட்டும் வைக்கவில்லை.
மாத்தளன் மணலில்
தாள்தாளாய்க் கிழித்துக் கஞ்சிக்கு அடுப்பு மூட்டினேன்.
எமிலியானின் பக்கம் ஈரம்.
கடைசிவரை பிடிக்கவில்லை.

திரும்பி வந்து கூரைத் தகரம் ஏறமுதலே
ஒவ்வொருவராய் வந்தார்கள்.
"ஒன்பது கட்டி, அக்கா."
"ஏழென்றுதான் எனக்கு நினைவு."
"ஒன்பது எண்டு சொல்லுறன்!"
குறைக்கச் சொல்லிச் சண்டை பிடிப்பதுதான் உலக வழக்கம்,
இங்கே கூட்டச் சொல்லி.
வேதநாயகம் மட்டும்
தனக்குக் கடனே இருந்ததில்லை என்றான்.
அவனுக்குப் பதினாறு கட்டி.
விட்டுவிட்டேன்.

எமிலியானின் மகள் வந்து நின்றாள்.
"அப்பான்ர கணக்கு எவ்வளவு?"
ஒன்றுமில்லையம்மா, போ என்றேன்.
அவளுக்குக் கோபம் வந்தது.
"செத்த ஆளுக்குத்தான் கணக்கை வெட்டுறது.
அவர் வருவார். எழுதுங்கோ."
புதுக் கொப்பி, முதல் பக்கம்:
எமிலியான், ஆறு கட்டி.
பழைய விலையில்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது ஐஸ் வெளியிலிருந்து லொறியில் வருகிறது,
பாதி உருகி.
இரவில் பெரிய படகுகளின் வெளிச்சம்
கரையிலிருந்தே தெரியும்.
விடியப் போனால் வலையில் பாதி இருக்காது.

போன கிழமை புதுக் கொண்டக்டர்ப் பெடியன்
"அப்பிடியொரு இடமே இல்லையே" என்றான்.
பஸ் முழுக்கச் சத்தம் போட்டது.
பின்சீற்றிலிருந்து றெஜீனா சொன்னதை
இங்கே எழுதமுடியாது.
மணியடித்தான்.