மதி

ரெஜிமோன் எடைக்குத்தான் தருவான்.
வேலந்தாவளத்தில் செக்போஸ்ட் தாண்டியதும் அவன் காயலான் கடை.
மாருதி எண்ணூறின் சிலிண்டர் ஹெட், கழற்றிப் போட்டது,
ஆறே முக்கால் கிலோ.
அலுமினியத்துக்குத்தான் விலை.
அதற்குள் போய்வந்த மூச்சுக்கு
எந்த மாநிலத்திலும் வரி இல்லை.

இந்தப் பக்கம் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை.
இருபது மில்லி சிரிஞ்சு இரண்டு,
வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்து ஒரு பாட்டில்,
என் கணக்கில் எழுதிவிட்டு எடுத்துக்கொண்டேன்.
யாருக்கு உடம்பு சரியில்லை என்றார் முதலாளி.
காருக்கு என்றேன்.

துவைக்கிற கல்லில் சாக்கு விரித்து
ஹெட்டைக் கவிழ்த்தேன்.
மூன்று குழி. குழிக்கு இரண்டு வாய்:
ஒன்றால் குடிக்கும், ஒன்றால் கக்கும்.
வாயைச் சுற்றி ஊதா மருந்தைப் பூசி,
மேனிஃபோல்டு கேஸ்கெட்டைப் பொருத்தி,
ஊசிமுனையால் கோடு கீறினேன்.

கிரைண்டர் பல்லில் அலுமினியம் அப்பும்.
கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவத்தியில்
பல்லைத் தேய்த்துக்கொண்டால் அப்பாது.
இது தெரிவதற்குள் மூன்று பல் செலவு.
"வெள்ளிப் பட்டறை வெச்சிருக்கியா?" என்றார் சென்னியப்பன்,
இட்லியில் மினுக்கியதை நகத்தால் எடுத்துக்கொண்டே.
அன்றிலிருந்து முகத்துக்கு மாஸ்க்,
அடுப்படிக் கதவுக்கு ஈரத்துணி.

முதல் ஹெட்டில் எனக்கு அவசரம்.
பெரிய வாய் என்றால் பெரிய மூச்சு என்று நினைத்துவிட்டேன்.
மூன்றாவது துளையில், தரை வளைந்து இறங்கும் இடத்தில்
சத்தம் மெலிந்தது.
விரிசல் விட்ட பானையைச் சுண்டினால் கேட்குமே, அப்படி.
காதில் விழுந்தது. கை நிற்கவில்லை.
கடுகளவு ஓட்டை.
ஓட்டைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற அறை,
யாரோ ஊற்றிய போர் தண்ணீரின் செம்பழுப்பு.

ரெஜிமோன் திருப்பி எடுத்துக்கொண்டான், எடைக்குத்தான்.
"எண்பது கிராம் குறவு" என்றான்.
பிறகு ஓட்டையில் ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்து,
"மதின்னு தோணும்போ நிறுத்தணும், சேச்சி."
அவன் பக்கம் மதி என்றால் போதும்.
என் பக்கம் அறிவு, நிலா.
அன்றைக்கு எனக்கு இல்லாமல் போனது
இதில் எது என்று
பஸ் வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.
அமாவாசை வேறு.

இரண்டாவது ஹெட்டில் பாதி நேரம்
கிரைண்டரை அணைத்துவிட்டுச் சுண்டுவிரலால் பார்த்தேன்.
வளைவின் உள்முனையை மட்டும்
ஆட்டுக்கல்லில் மாவு வழிப்பதுபோல் வழித்தேன்.
புகை போகிற வழியைத் தேய்த்துத் தேய்த்து
என் மூக்குத்தி தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தேன்.
பெட்ரோல் வருகிற வழியை அப்படிச் செய்யக்கூடாது,
வழவழப்பில் அது துளி கட்டி ஒட்டிக்கொள்ளும்.
அங்கே பூனை நாக்கு போதும்.

வால்வுக்குப் பேஸ்ட் தடவி
மோர் கடைவதுபோல் உள்ளங்கைகளில் உருட்டினால்
கரகரப்பு மெல்ல அடங்கும்.
எடுத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு மோதிரம்
எங்கும் அறாமல்.

வாஸலின் தடவிய கண்ணாடித் தகட்டால் குழியை மூடி
சிரிஞ்சில் நீல மண்ணெண்ணெய்.
இருபத்தாறு புள்ளி நான்கு.
இருபத்தாறு புள்ளி நான்கு.
மூன்றாவது இருபத்தைந்து புள்ளி ஒன்பது.
அந்த அரை மில்லிக்கு நான்கு ராத்திரி.

சனிக்கிழமை மாட்டி முடித்தோம்.
வாளையார் தாண்டி லாரிகள் ஒதுங்கி நின்ற சாலையில்
சென்னியப்பன்தான் ஓட்டினார்.
ஜன்னலை இறக்கி நான் மூன்றாவதையே கேட்டுக்கொண்டு வந்தேன்,
மூன்றில் எது மூன்றாவது என்று
காதுக்குத் தெரியாது என்றாலும்.
"என்ன, பழைய மாதிரித்தான் போகுது" என்றார்.
மேடு வந்தது.
எப்போதும் இரண்டாவது கியருக்கு இறங்குகிற இடம்.
அவர் கை கியர் குமிழ்மேல் போய்
சும்மா கொஞ்ச நேரம் இருந்துவிட்டு
ஸ்டியரிங்குக்கே திரும்பிப் போனது.