பற்றாக்குறைக் கணக்கு

அதிகாலை மூன்று பத்து.
சுவா சூ காங் அடுக்குமாடிக் கார் நிறுத்தம், ஐந்தாம் தளம்.
ஹோக் செங் சத்தமில்லாமல் இழுத்து வந்துவிட்டான்.
விடிந்ததும் ஊபியில் என் மேசைக்குப்
பதினொரு படங்கள்:
முன்பக்கம், பின்பக்கம், கீறல், இன்னொரு கீறல்,
எண் பலகைக்கு மேலே காய்ந்த சந்தனப் பொட்டு,
பின் இருக்கையில் குழந்தை நாற்காலி,
அதன் மடிப்பில் பிஸ்கட் தூள்.

பொருள் பட்டியலில் எழுதினேன்:
குழந்தை நாற்காலி ஒன்று. குடை ஒன்று.
கேஷ்கார்டு ஒன்று, மிச்சம் நான்கு வெள்ளி பத்து காசு.
பொட்டுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பெயர் குணாளன். ஆள் ஏற்றி ஓட்டியவர்.
முதுகெலும்பில் தட்டு விலகி
நான்கு மாதமாய்ப் படுக்கை.
கோப்பில் அது கிடையாது,
மனைவி போனில் சொன்னது.

இந்த ஊரில் வண்டியைவிட
வண்டி வைத்திருக்கும் உரிமைக்குத்தான் விலை.
ஏலத்தில் பத்து வருடம் கிடைக்கும்.
குணாளன் ஓட்டியது ஐந்து வருடம் பத்து மாதம்.
மீதி நான்கு வருடம் இரண்டு மாதத்தை
ஒப்படைத்துக் காசாக்கினோம்.
இரும்பு தனியாகக் கப்பலேறியது.
எந்தத் துறைமுகத்தில் யார் கழுவினாரோ அந்தச் சந்தனத்தை.

பிறகுதான் என் வேலை.
நிலுவை 58,240.
தாமத வட்டி 1,912.35.
இழுத்த கூலி 450.
வைத்திருந்த வாடகை, இருபத்தாறு நாள், 520.
வழக்கறிஞர் கடிதம் 380.
வந்தது 37,500.
இன்னும் தர வேண்டியது 24,002.35.
கடிதம் போயிற்று, நகல் எனக்கு.

சிலர் அழுவார்கள். சிலர் என் அம்மாவை இழுப்பார்கள்.
குணாளன் எண்ணிப் பார்த்திருந்தார்.
"மிஸ், இருபத்தாறு நாள் போட்டிருக்கீங்க.
திங்கக்கெழம வண்டி என்கிட்டதான இருந்துச்சு.
செவ்வா விடியக்காலைலதான தூக்குனீங்க?"

பார்த்தேன். சரிதான்.
இருபது வெள்ளியைக் கழிக்க
இரண்டு மேலாளர் கையெழுத்து.
வாங்கினேன். அன்று மத்தியானம்
சோறு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது.

மறுபடி அழைத்தபோது தேங்க்யூ சொன்னார்.
மாதம் நூற்றைம்பது கட்டுகிறேன் என்றார்.
தட்டிப் பார்த்தேன்: நூற்றறுபது மாதம்.
பதின்மூன்று வருடம் நான்கு மாதம்.
வண்டிக்கே பத்துதான் தருகிறார்கள்.
சொல்லவில்லை.
ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிடுங்கள் என்றேன்.

வைக்கப் போனேன்.
"மிஸ், அந்தப் பிள்ளை நாற்காலி..."
இருக்கிறது, உங்களுடையதுதான், வந்து எடுக்கலாம்.
"எங்களுது இல்ல.
எதிர்வீட்டு சலினா இரவல் குடுத்தது.
திருப்பிக் குடுக்கணும்."

இரண்டு பேருந்து மாறி வந்தார்,
இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு.
ரசீதில் கையெழுத்துப் போட்டார்,
கேஷ்கார்டைச் சட்டைப் பையில் செருகினார்.
கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.
எங்கள் வாசலில் தட்டாமல்
படியிறங்கி, கால்வாய் ஓரம் போய்,
மெல்லக் குனிந்து
நாற்காலியைக் கவிழ்த்து
பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டார்.
இரண்டு மைனாக்கள் வந்தன.