மூணேகால் மணி

அண்டி ஆபீசில் இப்போது
ஒரு நாளைக்கு ரெண்டு சம்பளம்.
பதினொன்றரைக்கு ஒன்று, மூணேகாலுக்கு ஒன்று.
முதலாளி திடீரென்று நல்லவராகிவிடவில்லை.
காலையில் உடைத்த கூலி
சாயங்காலத்துக்குள் புளித்துவிடுகிறது.

வேலிக்கு அந்தப்பக்கம் பிள்ளைகள் நிற்கும்,
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு.
கம்பி இடுக்கில் நோட்டுக்கட்டை நீட்டுவேன்.
ஷைனி வாங்கிக்கொண்டு ஓடுவாள்
கருங்கல் சந்தைக்கு.
பள்ளிக்கூட ஓட்டத்தில் எப்போதும் கடைசியாக வந்தவள்
இப்போது பஸ் ஸ்டாண்டு வளைவில்
லாசர் மகனையே முந்துகிறாள்.
நேற்று முந்தவில்லை.
நேற்று உப்பில்லாமல் மரச்சீனி தின்றோம்.

ஞானசிகாமணி கடையில் ஒரு சிலேட்டு தொங்குகிறது.
அரிசிக்கு நேரே இருப்பதைத்
தண்ணீர் தொட்டு அழிப்பார்,
அழித்த இடம் காயும் முன்பே எழுதுவார்.
"எண்ணே, ஈரத்துல எழுத்து தெரியலியே."
"தெரியாண்டாம் மக்களே.
காய்ஞ்சா கூடிப்போவும்."

ரேஷன் கடை மெஷின் என்னை நம்புவதில்லை.
இருபத்திரண்டு வருஷமாக
அண்டிக் கறை அரித்த பெருவிரல்.
வைத்தால், மீண்டும் முயற்சிக்கவும் என்கிறது.
துடைத்து வைத்தால், மீண்டும்.
டிவியில் வருகிற அதிகாரியும்
கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார்.

கிளாடிஸ் அக்காளிடம்
நாற்பது மாதம் கட்டின சீட்டு
போன புதன்கிழமை விழுந்தது.
ஷைனி காதுக்கென்று வைத்திருந்த நினைப்பு.
குக்கருக்கு ஒரு வாஷர் வாங்கினேன்.
நல்ல வாஷர்தான். விசில் ஒழுங்காக வருகிறது.
ஒன்றாம் தேதி தவறாமல் வாசலுக்கு வந்தவள்
இப்போது என்னைக் கண்டால் ரோட்டைக் கடக்கிறாள்.
அவள் ஒரு பைசா எடுத்ததில்லை.
எடுத்தவன் எங்கள் ரோட்டில் நடந்ததேயில்லை.

குறும்பனையிலிருந்து சாளை கொண்டுவரும் ஜெசிந்தா
நோட்டைத் தொடுவதில்லை.
"தீப்பெட்டி இருக்கா? சோப்பு?"
ஏன் அக்கா இப்படி என்று கேட்டேன்.
"மீனும் நாறும், ஒனக்க நோட்டும் நாறும்.
மீனு சொல்லிட்டு நாறும்லா" என்றாள்.
அரை சோப்புக்குப் பதினொரு சாளை.
ஒன்று கூடுதலாகப் போட்டாள்,
அப்புறம் யோசித்து எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஏலம்.
காணிக்கை வந்தது ஒரு செவ்வாழைக்குலை,
ஆறு முட்டை, கறுப்பாக ஒரு பெட்டைக்கோழி.
கணக்கர் ஏசுவடியான் முட்டையைத் தூக்கிப் பிடித்தார்.
வாயைத் திறந்தார்.
எந்த எண்ணில் தொடங்குவது என்று தெரியாமல்
அப்படியே நின்றார்.
கோயில் முழுக்க ஃபேன் சத்தம்.

பின்வரிசையில் தாசையன், பால் வெட்டுகிறவர்,
தொண்டையைச் செருமினார்.
"ஒரு ஷீட்டு."
"ரெண்டு ஷீட்டு" என்றது இன்னொரு மூலை.
தையல்கார ரோசிலி ஒரு பாவாடை என்றாள்.
வாழைக்குலை, ஒரு நாள் கிணறு இறைப்புக்குப் போனது.
சிரிப்பு கிளம்பியது, கொஞ்சம் வெட்கத்தோடு,
துணி விலகிய ஆளைப் பார்த்ததுபோல்.

கோழியைத் தூக்கியபோது
என் வாய் என்னைக் கேட்கவில்லை.
"ஒரு வாரம் கோயில் தூத்துத் தாறேன்."
ஒரு தரம். ரெண்டு தரம்.
பேரேட்டில் ரூ. என்று அச்சடித்திருந்ததை
ஏசுவடியான் ஸ்கேல் வைத்து அடித்தார்.

இன்று திங்கள்.
ஐந்து மணிக்கே எழுந்து தூத்தேன்,
பெஞ்சுக்கடியில் ஒரு குழந்தைச் சாக்ஸ் கிடந்தது.
சிலேட்டு இதுவரை மூன்று தடவை அழிந்துவிட்டது.
ஒரு வாரம் என்றால் இன்னும்
ஏழு நாள்தான் இருக்கிறது,
விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

கோழி முட்டையிடவில்லை.
அடுப்புக்குப் பின்னால்
ஒரு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறது.
விலை ஏறட்டும் என்று
அதுவும் வைத்திருக்கிறதோ என்னவோ.